குறிப்பு ஏதும் இருப்பின்

நாற்பத்திரண்டாம் நாள்.
தேரோட்டமென்று பெரியாருக்கு பஸ் விடவில்லை,
காளவாசல்வரை நடந்து தேனி வண்டி பிடித்தேன்.
செல்களுக்குத் திருவிழா தெரியாது.
ஒன்றுவிட்டு ஒருநாள் திரவம் மாற்ற வேண்டும்.

செல்லராணி முன்னதாகவே வந்து காத்திருந்தார்,
பெட்ரோல் பங்க் சீருடையில்,
மிதுன்பாண்டியின் மணிக்கட்டைப் பற்றியபடி.

உங்கள் ரத்தத்தைப் பின்னோக்கி நடத்தினோம், அக்கா.
ரத்தம் என்பதை மறக்கவைத்து
எதுவும் ஆகாத நாளுக்குத் திருப்பி
மூளையாகு என்றோம்.
சொன்னால் எப்போதும் கேட்காது.
பிப்ரவரியில் ஒரு தொகுதி முழுக்கப் பூஞ்சை,
பிளீச்சில் கொட்டினேன்.

இப்போது ஜவ்வரிசி அளவு,
நீர்த்த ரோஸ்மில்க் நிறத்தில் மிதக்கிறது.
நினைப்பில்லை, வலியில்லை
என்று படிவத்தில் இருக்கிறது.
அவர் படிவத்தைக் கேட்கவில்லை.
"இதுல எது இவன்?"

தெரியாது.
எண்ணி முடியும்வரை
உறையைப் பிரிக்க எனக்கும் அனுமதியில்லை.
ஒரு வரிசை அவன்,
ஒரு வரிசை நீங்கள், ஒப்பிட.

குனிந்து பார்த்தார்.
தாயும் பிள்ளையும்
ஒரே வயதில்
ஒரே தட்டில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வயித்துல இருந்தா இது எத்தனாவது மாசம்?"
மாசமே இல்லை, அக்கா. முதல் சில வாரங்கள்.
விரல்விட்டு எண்ணினார்.
"அப்ப எனக்கே தெரியாதே.
நைட் ஷிப்ட் பாத்துட்டிருந்தேன்."

ஒன்பது வருடமாக அவருக்குச் சொல்லப்பட்டவை:
கிரகணம், பெட்ரோல் வாடை, செல்போன்,
பப்பாளி,
பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாதது.
என்னிடம் இருப்பதோ தீர்ப்பல்ல.
எந்தச் செல் முந்துகிறது,
எது இடம் மாறத் தயங்குகிறது
என்ற எண்ணிக்கை.
அதுவும் பன்னிரண்டு பிள்ளைகளில்,
அதுவும் இன்னும் முடியவில்லை.

கரண்ட் போனது.
இன்குபேட்டரைத் தாங்கும் பேட்டரி
சுழலும் மேடையைத் தாங்காது.
ஜெனரேட்டர் அறைக்கு ஓடினேன்.
திரும்பும்போது
மிதுன்பாண்டி கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டி
நின்றுபோன தட்டுக்கு முன்னால்
சுட்டுவிரலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்,
அவசரமின்றி, மேடையின் வேகத்திலேயே.
அது மறுபடி சுழன்றதும்
விரலை மடக்கிக்கொண்டான்.

போகும்போது ஒன்றும் பேசவில்லை இருவரும்.
நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்கியபின்
கையெழுத்துத் தாளைக் கோப்பில் வைக்க எடுத்தேன்.
'குறிப்பு ஏதும் இருப்பின்' என்ற கட்டத்தில்
பங்க் ரசீது எழுதும் சாய்ந்த கையெழுத்து:

கிரகணத்தன்னைக்கு நான் வெளிய போகல.

மற்றவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டேன்.