உது

பழைய தண்டவாளம் பங்கருக்குப் போன தடத்தில்,
சுன்னாகத்துக்கு வடக்கே,
இரும்புக்கோலைக் குறுக்கே கிடத்தி
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர்
என்று வாசித்தார் இசக்கிமுத்து.
ஊர் திருநெல்வேலி.
எங்கட திருநெல்வேலி இல்லை, அக்கரையில் உள்ளது.
"எங்க ஊர்லயும் இதே அகலந்தான்."

பிறகு,
"அந்த ஸ்பேனர எடுங்க."
"உதோ?"
"எது?"
"உது. உங்கட காலடியில."
குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

இது ஒரு தண்டவாளம், அது மற்றது;
நடுவே சல்லிக்கல்லில்
அவருக்குத் தெரியாமல் கிடந்தது ஒரு சொல்.

பின்னேரம்
தன் கையிலிருந்த பிளேன்ரீயைக் காட்டி
"உது சூடா இருக்கு" என்றார்.
பிழை.
நான் திருத்தவில்லை.
தண்டவாளத்துக்கே மூன்று மில்லிமீட்டர்
முன்னப்பின்ன விடலாமென்று
காலமை அவர்தானே சொன்னவர்.