இம்மி

எடின்பரோவில் இன்று ஹார் இறங்கியிருக்கிறது.
கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனிக்கு இங்கே அதுதான் பெயர்.
ஹேமார்க்கெட்டில் டிராம் முதலில் மணியை மட்டும் அனுப்புகிறது,
பிறகு நிதானமாக உடம்போடு வருகிறது.

பத்து மணிக்கு நேர்காணல்.
பதினான்கு வருடம் ஏறி இறங்கிய அதே கட்டடம், அதே நான்காம் மாடி,
ஆனாலும் புதுச்சட்டை.
தலைமைப் பொறியாளர் என்ற இரண்டு சொல்லுக்காக
என்னைப் பற்றி நானே எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
என் கல்யாணத் தரகர்கூட
என்னைப் பற்றி இவ்வளவு நல்லவிதமாகப் பேசியதில்லை.
மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது:
இம்மியும் பிசகாத துல்லியம்.
ஆங்கிலத்தில் வேறு மாதிரி எழுதினேன்,
நினைத்தது இப்படித்தான்.

முதல் வருடம் என்னிடம் தந்தது ஓய்வூதியக் கணக்கு.
'சின்ன வேலை, பென்னியை முழுதாக்கு' என்றான் கேலம் மக்ரே.
(கைபேசியில் அவனைக் காலம் என்று பதிந்திருக்கிறேன்.
இரவு மூன்று மணிக்குக் காலம் அழைத்தால்
ஏதோ ஒரு சர்வர் விழுந்திருக்கிறது.)
பாதிக்கு மேலே போனால் மேலே,
பாதிக்குக் கீழே இருந்தால் கீழே.
சரிபாதியில் நின்றால்?

நான் யாரையும் கேட்கவில்லை.
இருபத்துநான்கு வயது. விசாத் தாளின் மடிப்புக்கூடக் கலையவில்லை.
கேள்வி கேட்பது அப்போது
தெரியாது என்று கையெழுத்துப் போடுவதாக இருந்தது.
கீழே தள்ளினேன்.
ஒரே வரி.
அரைப்புள்ளியில் முடிகிற ஒரு வரி.

அதற்குப் பிறகு ஐந்து மேலாளர்கள்,
ஒரு இணைப்பு, இரண்டு ஆட்குறைப்பு,
வாசல் பலகையில் மூன்று பெயர்.
மங்கையர்க்கரசி என்ற என்னையும்
அடையாள அட்டைக்கு நீளம் போதாமல்
மங்கை என்று கீழே முழுதாக்கிவிட்டார்கள்.
வரி மட்டும் அப்படியே இருந்தது.
மாதக் கடைசி இரவுகளில் எழுந்து,
வேலை முடித்து, தூங்கிப்போனது.

போன நவம்பரில் எல்லாவற்றையும் மேகத்துக்கு ஏற்றினோம்.
பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின.
கூட்டுத்தொகை ஒட்டவில்லை.
பழையது குறைவு.
புகார்க் கோப்பைத் துழாவினேன்:
கிர்க்கால்டியிலிருந்து எல்ஸ்பெத் கின்னியர்,
எண்பத்தொன்று வயது,
லினோலியம் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதியவர்.
மூன்று கடிதம். பென்சிலில் வகுத்தல்.
பன்னிரண்டால் வகுத்தால் சரிபாதியில் நிற்கிற ஆண்டுத்தொகை.
'மாதம் ஒரு பென்னி குறைகிறது.
பணத்துக்காக எழுதவில்லை.'
மூன்றுக்கும் ஒரே பதில் போயிருக்கிறது:
எங்கள் கணினி சரியாகவே கணக்கிடுகிறது.

எங்கள் கணினி.
இருபத்துநான்கு வயது, குளிருக்குப் பழகாத விரல்கள்,
வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
யார் எழுதியது என்று கேட்டால்
கருவி என் பெயரை முழுநீளத்தில் சொல்லும்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

கண்ணாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர்,
கிளாஸ்கோவிலிருந்து திரையில் ஒருத்தி.
எட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கேட்டார்கள்,
எல்லாரும் கேட்பது, எல்லாரும் தயாரித்துக்கொண்டு வருவது:
நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்.
நானும் ஒன்று தயாரித்திருந்தேன்.
நள்ளிரவில் விழுந்த சர்வர், விடியுமுன் நானே தூக்கி நிறுத்தியது.
பாதித் தவறு, பாதி வீரம்.
அதை எந்தப் பக்கமும் தள்ளலாம்.

ஜன்னலுக்கு வெளியே கோட்டை இல்லை, தெருவும் இல்லை,
பால் நிறத்தில் ஏதோ நின்றுகொண்டிருந்தது.

'கிர்க்கால்டியில் ஒரு அம்மா இருக்கிறார்' என்று தொடங்கினேன்.

சொல்லி முடித்தபோது தண்ணீர்க் குவளையை யாரும் தொடவில்லை.
திரையில் இருந்தவள் மட்டும் பேனாவைத் திறந்தாள்.
'எவ்வளவு? அவருக்கா, எல்லாருக்குமா?'

இரண்டு கணக்கும் என்னிடம் இருந்தது.
பதினோரு வருடம், நூற்று முப்பத்திரண்டு பென்னி.
அவருடையதை முதலில் சொன்னேன்.