சுங்கச்சீட்டின் பின்பக்கம்

கிருஷ்ணகிரி டோல்கேட், ஐந்தாம் கூண்டு.
இரவு இரண்டுக்கு மேல் லாரிகள் மட்டும்.
ஃபாஸ்டேக் படித்தால் கம்பம் தானே எழும்,
படிக்காத வண்டிக்குத்தான் நான்.

ரசீதுச் சுருளைக் கிழிக்காமல் இழுத்து
பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பிராசஸர் ஒன்பதாயிரம்,
போர்டு ஐந்தரை,
ரேம், எஸ்.எஸ்.டி., பழைய மானிட்டர்...
சீட்டு மேசையிலிருந்து தொங்கி
முழங்காலைத் தொட்டது.
கூட்டினால் நாற்பதாயிரத்து இருநூறு.
கையில் முப்பத்தாறு.
மூன்று தரம் கூட்டினேன்,
ஏதோ ஒரு தரம் இரக்கப்பட்டுக் குறையும் என்பதுபோல.

அடுத்த கூண்டு ரெஜினா எட்டிப் பார்த்தாள்.
"இந்தக் காசுக்கு அரைப் பவுன் வருமேடி."
அரைப் பவுனில் எந்த கேம் ஓடும் என்றேன்.
சிரித்துவிட்டு,
"சரி, இதுல எது இல்லாட்டியும் ஓடும்?" என்றாள்.

பவர் சப்ளையில் கை வைக்க முடியாது.
எங்கள் தெருவில் கரண்ட்
போகும்போது பயமில்லை,
வரும்போதுதான்.
கண்ணாடி வைத்து வண்ண விளக்கு மினுக்கும் கேபினட்
எதையும் ஓட்டுவதில்லை.
அடித்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு.
பிராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால்
ஆயிரத்து ஐந்நூறு குறைவு.
அதே வேகம், அதே சூடு,
கார்டு இல்லாமல் படம் மட்டும் காட்டாது.
எழுதினேன், எஃப்.
இன்னும் இருநூறு இடித்தது.
அதைப் பேரத்துக்கு விட்டேன்.

செவ்வாய் வார விடுப்பு, முதல் பஸ்,
பெங்களூர் எஸ்.பி. ரோடு.
எட்டரைக்கு எண்ணியிருந்த பழைய கார்டுக்குப்
பதினொன்று சொன்னார் கடைக்காரர்.
வாரன்டி கேட்டேன்.
"கடைப் படி இறங்குற வரைக்கும்."
கார்டு தவிர மற்றதை மடியில் அடுக்கி
ஊர் திரும்பினேன்.

பெட்டி, சந்தூர் மண்டியில் இனாமாய்க் கிடைத்த
மாம்பழ அட்டைப்பெட்டி.
பழம் மூச்சுவிட அவர்கள் போட்ட ஓட்டை
ஃபேனுக்கு நேராய் வந்தது.
'கவனம், மேலே ஏறாதீர்' என்ற எழுத்துக்குக் கீழே
போர்டைக் கட்டினேன்.

சுவிட்சைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது.
திரை கறுப்பு.
தெரிந்துதான் வாங்கினேன்.
ஆனாலும் தெரிவது வேறு,
கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு.
நம்லாக்கை அழுத்தினேன்.
கீபோர்டில் பச்சைப் புள்ளி எரிந்தது.
மறுபடி அழுத்த, அணைந்தது.
கேட்கிறது, பதிலும் சொல்கிறது,
முகம்தான் இல்லை.
பத்தொன்பது நாள், பணி முடிந்து வந்ததும்
அந்தப் புள்ளியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான்
தூங்கினேன்.

இருபதாம் நாள் ஓசூர், சிப்காட் பின்புறம்,
முனிராஜு வீடு.
ஏன் விற்கிறீங்க?
"பைக் டியூ."
கார்டு ஓடுகிறதா என்று காட்ட
ஒரு கேமைப் போட்டார்.
ஐந்து நிமிடம் போதும்.
அவர் அரைமணி ஆடினார்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை,
நின்றபடியே பார்த்தேன்.
பிறகு அவரே அணைத்து, ஸ்குரூ கழற்றி,
வாயால் ஊதித் தூசி போக்கி நீட்டினார்.
எண்ணி வாங்கிய எட்டரையில்
நானூறைத் திருப்பித் தந்தார்.
"ஒரு ஃபேன் சத்தம் போடும். முன்னாடியே சொல்லணும்ல."

அந்தச் சத்தத்தோடுதான் முகம் வந்தது.

முதலில் ஓட்டியது லாரி கேம்,
காசில்லாமல் கிடைத்த டெமோ.
ஏதோ குளிர்நாட்டு நெடுஞ்சாலை, இரவு, மழை.
வைப்பர் போட எந்த விசை என்று தேடுவதற்குள்
எதிரே டோல்கேட்.
பழக்கத்தில் வேகம் குறைத்தேன்.
பார்வையைத் திருப்பிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.
விளக்கு எரிந்தது.
நாற்காலிகூட வரையவில்லை யாரும்.
கம்பம் தானே எழுந்தது.
நான் நகரவில்லை.

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.