ஐந்தாம் ஆண்டு அழைப்பு

பதிவேட்டுப் பிரிவில் என் வேலை
கூப்பிட்டுக் கேட்பது.
பத்து மணிக்கு முன் கூப்பிட்டால்
தண்ணி லாரிக்கு நிற்பார்கள்.
பன்னிரண்டுக்கு மேல் சோறு, பிறகு அசதி.
பதினொன்று நல்ல நேரம்.

ஐந்து எண்ணில் இரண்டு
வேறு யாரிடமோ போய்விட்டன.
ஒன்று பெரம்பூரில் ஒரு லாண்டரிக்காரரிடம்.
"இனிமே கூப்பிடாதீங்கம்மா,
அந்தம்மா பேரைக் கேட்டுக் கேட்டு
எனக்கே கவலையாயிருக்கு" என்றார்.
போன மாதம் அவரே கூப்பிட்டு
"கெடைச்சாங்களா?" என்றார்.

படிவத்தில் மூன்று கட்டம்:
உயிருடன், நோயின்றி.
உயிருடன், நோயுடன்.
இறப்பு.
கீழே சின்னதாக இன்னொன்று,
தொடர்பில் இல்லை.
என் பேனா தேய்வது அங்கேதான்.

தொண்ணூற்று நாலில் மகன் எடுத்தான்.
பதினோரு நாளோடு கரண்ட் வைப்பதை நிறுத்தியவர்.
தேதி கேட்டேன்.
பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா என்று
யாரையோ கேட்டுவிட்டுச் சொன்னான்.

நூற்றுப் பதினேழு.
தேவகிருபை, புளியந்தோப்பு,
ஜாக்கெட் தைப்பவள்.
கட்டி இரண்டரை சென்டிமீட்டர், இடது.
மார்பை வைத்துக்கொண்டே கட்டியை மட்டும் எடுக்கலாம்,
ஆனால் இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க வரணும்
என்று டாக்டர் சொன்னபோது
அவள் கேட்டது வலிக்குமா என்றல்ல.
"எந்த பஸ்?"

அன்று அதே பெஞ்சில்
செய்யாறு பக்கத்துப் பூங்காவனம்.
அதே இரண்டரை.
"முழுசா எடுத்துடுங்க சார்,
இருபத்தஞ்சு நாள் எங்க தங்குறது,
மாட்டை யார் பாக்குறது."
எடுத்தார்கள்.
உயிருடன், நோயின்றி.
மாட்டை மட்டும் அந்த வருடமே விற்றுவிட்டார்களாம்,
மருந்துச் செலவுக்கு.

தேவகிருபை வந்தாள்.
மார்பில் ஊதா மைக் கோடு,
அழிந்துவிடுமென்று கத்திரி வெயிலில்
ஈரத்துணியால் மற்ற இடத்தைத் துடைத்துக்கொண்டு,
வெள்ளை போர்டு பஸ் வரும்வரை நின்று.
பதினான்காம் நாள் மெஷின் பழுது.
பார்ட்ஸ் வரணும் என்றார்கள்.
ஒன்பது நாளும் வந்து
பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனாள்,
வராத அன்றைக்குச் சரியாகிவிட்டால்?

இன்று பதினொன்றே கால்.
நாலாவது மணியில் எடுத்தாள்.
பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது.
"நான்தாங்க, ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து."
"தெரியுது.
பேசறதுக்கு முன்னாடி மூச்சை இழுத்துக்குவீங்களே."

கை தூக்க முடியுது. வீக்கம் இல்லை.
மேமோகிராமுக்கு டோக்கன் ஆகஸ்டில்.
தோற்றத்தில் திருப்தியா என்று ஒரு கேள்வி,
ஒன்றிலிருந்து நாலுக்குள் எண்.
வழக்கமாகத் தாண்டிவிடுவேன்.
இன்று கேட்டுவிட்டேன்.

மெஷின் நின்றது.

"இடது பக்கம் அரை இஞ்சு கம்மி.
டாட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா
யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும், தைக்கிறவ நான்.
இப்பல்லாம் அளவெடுக்கும்போது பாக்குறேன்,
ரெண்டு பக்கமும் ஒரே அளவு
எவளுக்குமே இல்லீங்க.
இத்தனை வருஷம் ஒரு பக்கம்தான் அளந்திருக்கேன்."

"எண் சொல்லணுமே" என்றேன்.
"நீங்களே போட்டுக்குங்க,
கஸ்டமர் வந்திருக்கு."

மூன்று போட்டேன்.
அடித்துவிட்டு நாலு போட்டு
ஓரத்தில் என் இனிஷியல்.

அடுத்தது நூற்றுப் பதினெட்டு,
அந்த லாண்டரிக்காரர் எண்.
கூப்பிட அவசியமில்லை.
மூச்சை இழுத்துக்கொண்டேன்.