ஏழின் இடுப்பில் ஒரு கோடு

லாங்னாவில் காலை ஆறு மணி.
இல்ஃபிஸ் ஆற்றின் மேல் புகார் இன்னும் கலையவில்லை.
குளிரறையைத் திறந்து
முதலில் வெப்பமானியைப் பார்க்கிறேன்.
நாலு பாகை.
எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

பிறகு தட்டுத் தட்டாய் வாசிப்பு:
மசித்த கரட், செவ்வாய் செய்தது, வியாழன் வரை.
பச்சைக் கோழி கீழ்த்தட்டில்,
சமைத்ததெல்லாம் அதற்கு மேலே.
இரத்தம் கீழ்நோக்கித்தான் சொட்டும்,
அதை அறிய ஒரு பட்டமும் வேண்டாம்.
சீட்டில்லாமல் ஒரு கிண்ணம்.
மணந்து பார்த்தேன்.
நல்லாய்த்தான் மணக்கிறது.
கொட்டினேன்.
மூக்கை நம்பாதே என்பார் ஏஷ்லிமான்,
மேல்மாடியில் முப்பத்தெட்டுப் பேர்,
பாதிப் பேரைச் சாய்க்க
ஒரு வயிற்றோட்டம் போதும்.

அகதி முகாமில்
பதினொரு பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ்.
பால் பெட்டியில் என் பெயரைத்
தமிழில் வடிவாய் எழுதி வைத்தேன்.
ஒருவருக்கும் விளங்கவில்லை.
எல்லோரும் குடித்தார்கள்.

வியாழன் பின்னேரம் ரேகுலா
ஒரு போத்தலோடு வந்தாள்.
தாயின் நிலவறையில் இருந்ததாம்,
சீனிப்பாகில் ஊறிய பிளம்ஸ்.
மூடியில் தாயின் கையெழுத்து,
பழத்தின் பெயர், 2017.
வெளியிலிருந்து வரும் உணவுக்கு
எங்களிடம் நீலத் தட்டு, ஒரு நாள் கெடு.
திறந்தேன். மூடி டொக்கென்றது.
காற்றுப் போகாமல் இத்தனை வருடம்
காத்திருக்கிறாள் கெர்பர் அம்மா.
பக்கத்தில் என் சீட்டை ஒட்டினேன்:
திறந்தது 16, முடிவு 17,
என் பெயரின் முதலெழுத்து.

கிண்ணத்தோடு போத்தலையும் கொண்டு போனோம்.
மூன்று மாதமாய்க் கதைக்காத மனுசி
பழத்தைப் பார்க்கவில்லை,
மகளையும் பார்க்கவில்லை.
விரல் நேரே என் சீட்டுக்குப் போனது.
பேனைக்குக் கை நீட்டினாள்.
நடுங்கி நடுங்கி
என் ஏழின் இடுப்பில்
குறுக்கே ஒரு கோடு.
"ஒன்றென்று நினைப்பார்கள்" என்றாள்.
ரேகுலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பிறகு இரண்டு பழம் இறங்கியது,
மெதுவாய், இருமலில்லாமல்.

வெள்ளி மாலை கெடு முடிந்தபோது
மூன்று பழம் மிச்சம்.
நல்லாய்த்தான் மணந்தது.
கொட்டினேன்.
போத்தலைக் கழுவ
என் சீட்டு நனைந்து உரிந்தது,
மூடியில் அவள் எழுத்து அப்படியே.

குளிரறையின் பாகை மூன்று தசம் ஏழு.
எழுதினேன், கோடும் போட்டேன்.
பின்வாசலில் மணி.
கோழி வந்திருக்கிறது.
கீழ்த்தட்டு.