வேலை பட்டுக்கோட்டையில்

பதினோரு வருடம்
பாலத்தைக் கடந்தேன் நான்.
பிறையிலிருந்து பாயான் லெப்பாசுக்கு
ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு,
காற்று மாரில் அறையாதிருக்க.
மழை பிடித்தால் மேம்பாலத்தடியில்
ஐம்பது மோட்டார்கள் ஒதுங்கும்.
ஐம்பது பேரும் கைக்கடிகாரத்தையே பார்ப்போம்,
அதுதான் மழையை நிறுத்தும் என்பதுபோல.

பிறகு ஆபீஸ் வீட்டுக்கே வந்துவிட்டது.
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து
பெர்த் நகரத்து இரும்புச் சாமான் கம்பெனிக்கு
பில் சரிபார்த்தேன்.
கேட்ட திருகாணி நாலாயிரம்,
வந்தது மூவாயிரத்துத் தொள்ளாயிரம்,
மீதி நூறு எங்கே?
யாரோ தொலைத்த நூறைத்
தேடித் தேடியே பொழுது சாயும்.

எழிலரசி எப்படிக் கிடைத்தாள் என்று கேட்காதீர்கள்.
பட்டுக்கோட்டைக்காரி, பி.காம்., கணக்கில் கத்தி.
என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு.
அந்த ஊருக்கு அது நல்ல சம்பளம் என்றார்கள்.
நம்புவது வசதியாக இருந்தது, நம்பினேன்.
இங்கே எட்டென்றால் அங்கே ஐந்தரை.
'எந்திரிச்சிருவேன்க்கா' என்றாள்.

தம்பி இதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தான்.
அவன் கிரேப் ஓட்டுகிறான்.
முதலாளி கிடையாது, மணி அடிப்பார் கிடையாது,
அவனுடைய நேரம் இஷ்டத்துக்கு நெகிழும்.
பதினாறு மணிவரை நெகிழும்.

முதல் வாரம் தூங்கினேன்.
இரண்டாம் வாரம் திரைச்சீலைகளைத் துவைத்தேன்.
மூன்றாம் வாரம் ஃபெர்ரி ஏறி
சும்மா அக்கரை போய்
சும்மா திரும்பினேன்.
பத்து மணிக்கு சிராஜ் கடையில் தே தாரிக்.
'பசியாறியாச்சா? இன்னிக்கு வேலை இல்லியா?'
'இருக்கே மாமா,
பட்டுக்கோட்டையில நடந்துக்கிட்டிருக்கு.'
அவர் சிரிக்கவில்லை.
குவளையை இன்னும் ஒரு முழம் உயரத் தூக்கி
இன்னொரு முறை ஊற்றினார்.

ஒரு புதன்கிழமை அவளிடமிருந்து:
'இந்நேரத்துக்கு என்ன செய்வீங்கக்கா?'
ஜெட்டியில் நின்றிருந்தேன்.
பொய் உடனே வாயில் வரவில்லை.
படம் எடுத்து அனுப்பினேன்.
பழுப்புத் தண்ணீர், ஒரு சரக்குக் கப்பல்,
ஓரத்தில் என் செருப்பு நுனி.
'எங்களுக்கும் கடல் இருக்குக்கா.
பன்னெண்டு கிலோமீட்டர்.
பாத்து ஏழு மாசமாச்சு.'
அடுத்த வரியிலேயே,
'அந்த நூறு கிடைச்சிருச்சு.
போன மாச பில்லுல ஒளிஞ்சிருந்துச்சு.'

நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன்,
நீ கடலுக்குப் போய் வா,
சம்பளத்தில் பிடிக்கமாட்டேன் என்று எழுதினேன்.
அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தால்
அச்சாக என் பழைய சூப்பர்வைசர்.

எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தேன்.
விரல்களுக்கு வழி மறந்து போயிருந்தது.
பத்து திருகாணியை நூறாக்கினேன்,
சிட்னி பில்லை பெர்த்தில் ஏற்றினேன்,
மூன்றாவது தப்பு எதுவென்று
எனக்கே இன்னும் தெரியாது.
மதியம் டெப்ரா கேட்டாள்:
உனக்கு உடம்புக்கு ஏதாவதா?
இத்தனை மாதமும்
அவ்வளவு துல்லியமாக இருந்தாயே.

கொஞ்சம் தலைவலி என்றேன்.
துல்லியமானவள் இந்நேரம்
அலையில் கால் நனைத்துக்கொண்டிருப்பாள்
என்று நினைத்துக்கொண்டேன்.
அப்படி நினைக்க எனக்குத் தேவையிருந்தது.

ராத்திரி கேட்டேன், படம் எங்கே?
'போகலைக்கா. தூங்கிட்டேன்.
பதினோரு மணி வரைக்கும்.'
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்
'பதினோரு மணி வரைக்கும்.'
நெட் கோளாறில் இரண்டு தடவை வந்ததா,
அவளேதான் இரண்டு தடவை சொன்னாளா,
தெரியவில்லை.