இரண்டுங்கெட்டான் தண்ணீர்

சுவரில் இப்போது வட்டமாய் ஒரு கண்ணாடி.
நான் மாட்டியது.
என் திருப்புளியால், என் ஞாயிற்றுக்கிழமையால்.
பக்கத்தில் போனால் விழித்துக்கொள்ளும்,
வீட்டுக்குள் பத்தொன்பது டிகிரி என்று சொல்லும்,
வெளியே க்ளூ விரிகுடாவில் மழை என்றும் சொல்லும்,
ஜன்னல் இல்லாதவர்களுக்கு உதவியாக.

வீடு சூடாகத்தான் இருக்கிறது.
குறை தண்ணீரில்.

சுடவும் இல்லை, குளிரவும் இல்லை.
யாரோ குளித்து எழுந்த தொட்டிக்குள்
கைவிட்டது போல் ஒரு கூச்சம்.

லோர்கன் சிப்பிப் படுகையிலிருந்து வருகிறான்.
சனவரி வற்றத்தில் ஐந்து மணி நேரம்
வலைப் பைகளைப் புரட்டிப் புரட்டி
விரல்கள் பீட்ரூட் நிறம்.
குழாயடியில் நீட்டுகிறான்.
எப்படி இருக்கிறது என்றேன்.
போதும் என்றான்.

திங்கள், பாய்லரைச் சந்தேகித்தேன்.
எரிந்தது. நான்கு நிமிடம்.
நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிந்தது.
எரிகிறதல்லவா என்று கதவைச் சாத்திவிட்டேன்.
ஏன் நிற்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய், அட்டவணை.
காலை ஆறு, மாலை நான்கு. பிழையில்லை.
புதன், மூன்று வழி வால்வு. அதுவும் தன் வேலையைச் செய்கிறது.
வியாழன், உதவி எண்.
அரை மணி நேரம் பியானோ,
பிறகு டெய்ட்ரே என்றொரு குரல்:
பச்சை விளக்கு எரிகிறதா?
எரிகிறது.
அப்படியானால் எல்லாம் சரியாக இருக்கிறது.

தொட்டி அலமாரிக்கு வெளியே பழைய மின்சூடேற்றியின் விசை.
பாத்திரம் கழுவ, குளிக்க என்று இரண்டே நிலைகள்.
போட்டுவிடலாம்தான்.
ஆனால் இந்த ஊரில்
அதை அணைக்க மறந்தவரின் பெயர்
கல்யாணப் பந்திகளிலும் அடிபடும்.

அன்றிரவு கெட்டில் இரைந்தது.
தேநீருக்கு என்று நினைத்தேன்.
கோப்பை ஓசை வரவில்லை.
எட்டிப் பார்த்தேன்:
சமையலறை விளக்கைப் போடாமல்
பிளாஸ்டிக் தொட்டியில் கொதிநீர் கலந்து
கைகளை முக்கிக்கொண்டு நிற்கிறான்,
என் மனம் நோகாதபடி
மெதுவாக.

சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்தேன்.
தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் அலமாரியைத் திறந்தேன்.
துண்டுகளை இறக்கினேன், அவன் கம்பளிகளை இறக்கினேன்,
பின்னால் செப்புத் தொட்டி, பச்சை நுரைச் சட்டையோடு.
அதன் இடுப்பில் இருக்க வேண்டிய சின்ன வெள்ளைப் பெட்டி,
தொட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்க்கும் பெட்டி,
இடுப்பில் இல்லை.
மேலே, பாய்லரிலிருந்து வரும் குழாயில்
கறுப்பு நாடாவால் கட்டிக் கிடந்தது.
கட்டிய முடிச்சு என் முடிச்சு.

நினைவு வந்தது.
புதிய பெட்டிக்குப் பழைய கம்பி இரண்டு சாண் எட்டவில்லை,
கடை மூடியிருந்தது,
இப்போதைக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரிதான்.
பருக்கையை அடுப்பு வாயிலிருந்து எடுத்தால்?
பாய்லர் மூச்சுவிட்டதும் குழாய் கொதிக்கும்,
வெள்ளைப் பெட்டி போதும் போதும் என்று கத்தும்,
பாய்லர் அடங்கும்.
நூற்று இருபது லிட்டரும்
முறை வராமல் காத்துக் கிடக்கும்.

ஒரு வாரமாக இந்த வீட்டில்
போதும் என்று சொன்னவர்கள் இரண்டு பேர்.
இரண்டு பேரையும் நான் நம்பினேன்.

மெயினை அணைத்தேன். கம்பியை நீட்டி ஒட்டுப்போட்டேன்.
நுரையில் பழைய சதுரப் பள்ளம் அப்படியே இருந்தது.
செம்பு தெரிந்தது. பெட்டியை அதில் பதித்து,
பட்டையை இழுத்துக் கட்டி, அறுபதில் வைத்தேன்.
பாய்லர் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது.
நான் படிக்கட்டில் உட்கார்ந்து
அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு லோர்கன் வந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையை நீட்டினான்,
வெடுக்கென்று இழுத்தான்,
ஐரிஷில் ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு
பச்சைத் தண்ணீர்க் குழாயையும்
கொஞ்சம் திறந்தான்.